பழக்கதோஷம் என்றான் தம்பி

என் தம்பி ஓட்டிய விமானம் விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் ஒரு மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், இறங்கியதை நீங்களும் செல்போனில் பார்த்திருக்கலாம். பார்க்காதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. சின்ன வெள்ளை விமானம், ஒரு சக்கரம் மண்ணில் புதைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பக்கத்தில் தம்பி கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் தூக்கி விட்டுக்கொண்டு கைகட்டி நிற்பான். அவனுக்குப் பின்னால் வரப்பில் உட்கார்ந்து ஒரு பொம்பளை சொம்புத் தண்ணீரை மேலெல்லாம் கொட்டிக்கொண்டு குடிப்பாள். அது நான்தான். அந்தப் படத்தின் கீழே யாரோ எழுதிவிட்டார்கள்: அக்கா பெட்ரோலை மூடினாள், தம்பி உயிரைக் காப்பாற்றினான்.

பொய். முழுப் பொய். கோபம் அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். அது அடங்குகிற கோபமாகத் தெரியவில்லை. அதனால் கோபத்தோடே எழுதுகிறேன்.

முதலில் என் பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் அந்தப் பொய் நின்றிருக்காது. விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறந்த வீடு திண்டிவனம். இரண்டு ஊருக்கும் நடுவில் மொபெட்டிலேயே போய் வந்த காலம் உண்டு. அப்போது ஒரு தடவை திண்டிவனம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் எவனோ என் வண்டியின் டியூபைப் பிடுங்கிப் பெட்ரோலைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து வண்டியை நிறுத்தினால் குனிந்து பெட்ரோல் குழாயை மூடிவிட்டுத்தான் நடப்பேன். என் வண்டி என்றில்லை, எந்த வண்டி கண்ணில் பட்டாலும் மூடுவேன். பேசிக்கொண்டே மூடுவேன், மூடினது எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் ரயில்வே கேட்டில் வண்டி நின்று, பின்னால் வந்த பஸ்காரன் ஆரன் அடிக்க அடிக்க உதைத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் குனிந்து குழாயைப் பார்த்தாராம். தம்பி காலேஜ் போகும்போது மேம்பாலம் ஏறுகிற இடத்தில் இதே மாதிரி நின்று தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து கிளம்பும்போது, "அம்மா தாயே, மூடினதைத் தொறந்து விட்டுட்டு ஆசீர்வாதம் பண்ணு" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டு வேடிக்கை, அவ்வளவுதான் என்று இருந்தேன்.

தம்பி எனக்குப் பிறகு நெடுநாள் கழித்துப் பிறந்தவன். அவனைத் தூக்கிக்கொண்டு திரிந்து என் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று அம்மா கேலி செய்வாள். அவன் பைலட் ஆகணும் என்று சொன்னபோது அப்பா, "வானத்துல போயி எதை உழப் போறான்? கெடக்கிற நெலத்த பாக்கச் சொல்லு" என்றார். அப்பாவோடு மல்லுக்கு நின்றவள் நான். கல்யாணமாகிப் போனவள், பிறந்த வீட்டு விஷயத்தில் தலையிடுகிறேன் என்று என் மாமியார் வீட்டில் முகம் சுளித்தார்கள். போங்கடி என்று விட்டேன். அப்பா கடைசியில் சரி என்றார். தம்பி சட்டையில் தங்கப் பட்டை தைத்துக்கொண்டு வந்து நிற்பதைப் பார்க்க அவர் இல்லை. நான் பார்த்தேன். தெருவில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னேன்.

ஒரு முதலாளியின் சொந்த விமானத்தை ஓட்டுவதுதான் அவனுக்கு வேலை. நாலு பேர் உட்காரலாம் என்பான். உள்ளே ஷேர் ஆட்டோவைவிட இடம் குறைவு. அன்றைக்குக் காலையில் வெளியூரிலிருந்து முதலாளியைப் புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவருக்கு அங்கே சாயங்காலம் வரைக்கும் வேலை. தம்பி அவரிடம் கேட்டு வைத்திருந்தான் போலிருக்கிறது. எனக்கு போன் செய்து, "அக்கா, பட்டுப் பொடவ கட்டாத, காட்டன் கட்டிக்கினு ஜல்தி கெளம்பி வா. ஒனக்கு நம்ம ஊர மேலேர்ந்து காட்டறேன்" என்றான். கடை ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினேன்.

வலது பக்கத்தில் என்னை உட்கார வைத்தான். அவன் இடது பக்கம். பெல்ட்டை அவனே மாட்டி, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டான். எழும்பினோம். கோட்டக்குப்பம் மசூதி கோபுரம் காலுக்குக் கீழே போனது. கடல் ஒரு பக்கம் எழுந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பயத்தில் இல்லை. நான் தூக்கி வளர்த்தது என்னைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது என்று நினைத்தேன். திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே வட்டமடித்தான். மாடியில் அம்மா ஒரு துண்டை எடுத்து ஆட்டினாள். அவன் இன்னொரு வட்டம் போட்டான். பிறகு இன்னொன்று. ஒரு கையில் செல்போனை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே, "இரு அக்கா, அம்மா மூஞ்சி சரியா உழல" என்றான். போதும் போதும் என்றேன். அப்புறம் ஹைவே மேலேயே விழுப்புரம் பார்த்துத் திரும்பினோம். என் கடை மாடியைக் காட்டுகிறேன் என்றான்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் வரிசையாக நிற்பது தெரிந்தது. அப்போதுதான் இன்ஜின் தும்மியது. ஒரு தும்மல், பிறகு சரியாக ஓடியது, மறுபடி தும்மல். மொபெட் ஓட்டுகிற யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். "டேய், பெட்ரோல் வரலடா" என்றேன்.

"பேசாம இருக்கா!" என்று கத்தினான்.

பிறகு சத்தமே இல்லை. முன்னால் விசிறி சும்மா சுற்றியது, காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் இடது பக்கம் குனிந்து எதையோ திருகினான். நிமிர்ந்து எதை எதையோ இழுத்தான், அழுத்தினான். ஒரு உறுமல் வந்தது, போய்விட்டது. நாங்கள் ஏற்கெனவே தாழத்தான் பறந்துகொண்டிருந்தோம். தென்னை மரங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. "பெல்ட்ட இறுக்கிப் புடிச்சிக்க" என்றான். குரல் சின்னப் பிள்ளைக் குரல். எனக்கு என் உயிர் ஞாபகம் வரவில்லை. இவன் போய்விட்டால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் ஓடியது. சத்தியமாகச் சொல்கிறேன்.

இறக்கினான். அழகாக இறக்கினான், அதை நான் என்றைக்கும் மறுக்க மாட்டேன். கரண்டு கம்பிக்கும் கிணற்றுக்கும் நடுவில், மல்லாட்டை பிடுங்கி முடித்த கொல்லையில் கொண்டுபோய் நிறுத்தினான். பல் எல்லாம் தடதடவென்று ஆடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றோம். கதவு என் பக்கம்தான். நான் இறக்கையில் உட்கார்ந்து சறுக்கி விழுந்தேன்.

கொல்லையின் ஓரத்தில் குவித்த செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்த பொம்பளைகள் எழுந்து ஓடிப்போய், கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்து, திரும்பி வந்தார்கள். கொல்லைக்குச் சொந்தக்காரி முன்னால் வந்தாள். என் வயதுதான் இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாம்மா, எறங்கறதுக்கு அவ்ளோ பெரிய ரோடு இருக்குது, எங் கொல்லதான் கெடச்சுதா?" என்றாள். சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்து வரப்பில் உட்கார வைத்து, சொம்பைக் கையில் கொடுத்தாள். அதற்குள் ரோட்டில் போனவன் எல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டான்.

திண்டிவனம் வீட்டில் அன்று சாயங்காலம் கல்யாணக் கூட்டம். அம்மா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து நிற்க வைத்து உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். "தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். டீ போடவே ஒரு ஆள் வேண்டியிருந்தது. எங்கள் சித்தப்பா தம்பியைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏண்டா, நல்லா ஓடிக்கினு இருந்தது ஏன் நின்னுச்சி?"

தம்பி என்னைப் பார்த்தான். சின்னதாகச் சிரித்தான். "அக்காவ கேளுங்க" என்றான்.

"என்ன என்னடா கேக்கறது?"

"பழக்கதோஷம் சித்தப்பா. அக்காவப் பத்தி தெரியாதா? கொழாவ மூடிடுச்சி."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆமாம், நானும்தான்! வழக்கமான கேலி என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்துப் பார்த்தால் அவன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நான் கவனிக்கறதுக்குள்ள இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சி. தொறந்து பாத்தேன், புடிக்கல. சரி விடுங்க. அக்காவ யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றான்.

அக்காவை யாரும் ஒன்றும் சொல்லக்கூடாதாம். சொல்வதைச் சொல்லிவிட்டு, பெருந்தன்மையும் அவனே எடுத்துக்கொண்டான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை ஒருத்தி வந்து என் கையைப் பிடித்து, "யானைக்கும் அடி சறுக்கும், மனசுல வச்சிக்காத" என்றாள். நான் மூடவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியவில்லை. என் கை மூடுவது என்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கிறது? அந்த விமானத்துக்குள் எத்தனை திருகு, எத்தனை பொத்தான். வட்டமடிக்கும்போது நான் கீழே வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை என்ன செய்தது?

"என்னடி பாத்துக்கினு நிக்கற, மூடினியா இல்லியா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன். அவ்வளவுதான், முடிந்தது கதை.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால்தான் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. எல்லாரும் போன பிறகு நான் தம்பி முன்னால் போய் நின்றேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "உன்னைக் கொல்லப் பாத்துட்டேனே தம்பி, என்னை மன்னிச்சிடுடா" என்றேன். குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவன் என் தோளைத் தட்டினான். தட்டிவிட்டு, "பரவால்ல விடுக்கா" என்றான். மன்னித்துவிட்டான்! அந்த இடத்திலாவது அவன் வாயிலிருந்து உண்மை வந்திருக்க வேண்டும். ஒரு மனுஷனால் எப்படி அந்த நேரத்தில் தோளைத் தட்ட முடியும்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. கடைக்கு வருகிறவன் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டே, "அக்கா, பாதியில மிஷின மூடிடாதீங்க" என்பான். பக்கத்து டீக்கடையில், "கேஸ் சிலிண்டர் கிட்ட அந்தக்காவ விடாத" என்பார்கள். அதையெல்லாம் நான் திருப்பித் திட்டியே சமாளித்துவிட்டேன், எனக்கு வாய் கொஞ்சமா? சமாளிக்க முடியாதது என் கையைத்தான். மொபெட்டை நிறுத்தினால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று பத்துத் தரம் போய்ப் பார்ப்பேன். பேரப்பிள்ளை எடுக்கப் போகிற வயதில் என் கையை நானே சந்தேகப்பட்டேன். வீட்டுக்காரர், "விடு, நீ வேணும்னா பண்ண?" என்றார். ஆறுதலாம். நீ பண்ணியிருக்க மாட்டாய் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, தண்ணீர் கொடுத்தவளுக்குக் வாய்நிறைய நன்றி சொல்லக்கூட இல்லையே என்று தோன்றியது. பழமும் பூவும் ஒரு நூல் புடவையும் வாங்கிக்கொண்டு அந்தக் கொல்லைக்குப் போனேன். அவள் புடவையைப் பிரித்துப் பார்த்து, "கலரு நல்லாத்தான் இருக்குது. அந்தப் பேஜார் புடிச்சத எப்ப எடுப்பாங்க, அத சொல்லு மொதல்ல. நான் ஏர் ஓட்டணும்" என்றாள். விமானம் அங்கேயேதான் நின்றது. பார்க்க வேண்டிய அதிகாரிகள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். அன்றைக்குத்தான் இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்ற ஆட்கள் வந்திருந்தார்கள். கதவு திறந்து கிடந்தது.

நான் போய் அவர்களில் ஒருவரிடம், "தம்பி, இதுல பெட்ரோல் மூடுற கொழா எது?" என்று கேட்டேன். என் கை எங்கே போனது என்று ஒருதரம் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. அவர் தலையை உள்ளே விட்டு, ஓட்டுகிறவர் இருக்கைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். இடது சுவரில், ஓட்டுகிறவரின் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு திருகு. இந்த இறக்கைக்கு ஒரு டேங்க், அந்த இறக்கைக்கு ஒரு டேங்க், பறக்கும்போது நடுவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமாம்.

"எத்தினி இருந்துச்சி பெட்ரோல்?" என்றேன்.

"ஒரு டேங்க் காலிம்மா. இன்னொண்ணு அப்படியே இருந்துச்சி. நாங்கதான் எறக்கினோம்."

இறக்கைமேல் ஏறி உள்ளே போய், அன்று உட்கார்ந்த வலது இருக்கையில் உட்கார்ந்தேன். கையை நீட்டினேன். எட்டவில்லை. உடம்பைச் சாய்த்து நீட்டினேன். பக்கத்து இருக்கையின் நடுவரைக்கும்தான் போனது. தம்பி மடியில் படுத்தால்தான் அந்தத் திருகை நான் தொட முடியும். அவன் அன்று இடது பக்கம் குனிந்து எதையோ திருகினானே, அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து ஒரே டேங்கில் ஓட்டிக்கொண்டு வந்து, அம்மா மூஞ்சி வீடியோவில் விழவில்லை என்று வட்டம் வட்டமாகச் சுற்றிவிட்டு, மாற்ற மறந்திருக்கிறான். நினைவு வந்து மாற்றும்போது இன்ஜின் பிடிக்க நேரம் இல்லை. மறந்தான், சரி. மனுஷன்தானே, மறப்பான். அந்தப் பழியை ஏன் என் கைமேல் போட்டான்?

அந்த இருக்கையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இறக்கை கழற்றுகிறவர்கள் பயந்துபோய் விட்டார்கள். கொல்லைக்காரி எட்டிப் பார்த்து, "பயந்துக்கினியா? அதான் தரையில நிக்குதே" என்றாள்.

அங்கிருந்தே அவனுக்கு போன் போட்டேன். "எட்டலடா" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. "அம்மாகிட்ட பேசுக்கா" என்று வைத்துவிட்டான்.

மொபெட்டைத் திண்டிவனத்துக்கு விட்டேன். அம்மா வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "கத்தாத, உள்ள வா" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே அழுதுக்கினு சொன்னான்."

"தெரிஞ்சிக்கினுதான் என்னக் கேட்டியா, மூடினியா இல்லியான்னு?"

"அது அப்பறம்தாண்டி சொன்னான். எல்லாரும் போன பிறகு."

"சரி, மறுநாள் சொல்லியிருக்கலாம் இல்ல? அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம் இல்ல? நான் அடுப்பத் தொட பயந்துக்கினு இருக்கேன்மா!"

"சொன்னா நீ ஊரக் கூட்டுவ." மிளகாயைக் கையால் பரப்பிக்கொண்டே பேசினாள், என்னைப் பார்க்கவில்லை. "உனக்கு இன்னா, கல்யாணம் ஆச்சு, புள்ளைங்க ஆச்சு. நாலு நாள் சிரிப்பாங்க, மறந்துடுவாங்க. அவனுக்கு லைசென்ஸு போச்சுன்னா அப்பறம் வாழ்க்கையே போச்சு. ஆபீசர் விசாரிக்க வர்றாராம். அவன் பொழப்பு உன் வாயிலதான் இருக்குது. பெத்தவ கேக்கறேன்."

நான் அம்மாவோடு பேசாமல் வந்துவிட்டேன். என்னைப் பெற்றவளும் அவள்தானே என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன். அவனுக்கு மட்டும் பெற்றவளா? ஆபீசர் வரட்டும், கிழித்துவிடுகிறேன் என்றுதான் வைராக்கியமாக இருந்தேன். எந்த டேங்க் காலி, எந்த டேங்கில் இருந்தது, எனக்கு எவ்வளவு எட்டும் எல்லாவற்றையும் வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

ஆனால் தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மா சொல்லவில்லை. அதிகாரி திண்டிவனம் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன அன்று நான் போனபோது, தம்பி கூடத்தில் நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். இளைத்துப் போயிருந்தான். சவரம்கூட ஒழுங்காகச் செய்யவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அப்பாவிடம் நான் வாதாடும்போது கதவுக்குப் பின்னால் இதே மாதிரிதான் நிற்பான். இவனைப் பறக்க வைத்ததே நான். நானே இறக்கிவிடவா? ஊர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகட்டும், சனியன், என்று அங்கேயே முடிவு செய்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அவன்மேல் பிரியம் பாக்கி இல்லை.

அதிகாரி நல்ல மாதிரி மனுஷர். அம்மா கொடுத்த காபியை மறுக்காமல் குடித்தார். என்னோடு தனியாகப் பேச வேண்டும் என்றதும் தம்பியும் அம்மாவும் சமையல்கட்டுக்குள் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைதான். அவர் என் பெயரைக் கேட்டார், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு, இன்ஜின் நின்ற நேரத்தில் நடந்ததை எனக்குத் தெரிந்தவரைக்கும் சொல்லச் சொன்னார்.

"நான்தான் சார் மூடினேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "எதை மூடினீங்க?"

"பெட்ரோல் கொழாவ. எனக்கு அந்தப் பழக்கம் உண்டு சார். ஊர்ல யாரை வேணா கேளுங்க. என் தம்பி மேல தப்பே இல்ல. அவனுக்குத் தெரியறதுக்குள்ள நான் மூடிட்டேன்." குரல் நடுங்காமல் சொன்னேன். சொல்லும்போது எனக்கு ஒரு கர்வம்கூட வந்தது.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க உட்கார்ந்த இடத்திலிருந்து அதைத் தொட முடியாதும்மா" என்றார். "உங்க தம்பி அன்னிக்கே எங்ககிட்ட சொல்லிட்டாரே. டேங்க் மாத்த மறந்துட்டேன், என் தப்புதான்னு. ஒளிக்காம சொன்னார். அதனால அவருக்கு நல்லதுதான், லைசென்ஸ் போகாது, கொஞ்ச நாள் பறக்க விடமாட்டாங்க, மறுபடி பயிற்சி இருக்கும். நீங்க எதுக்கு இப்படிப் பொய் சொல்றீங்க?"

அவர் குரலை இறக்கி, "விசாரணையில பொய் சொல்றது தப்பும்மா. பெரியவங்க நீங்க. நான் இதை எழுதிக்கல. நடந்ததை மட்டும் சொல்லுங்க" என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். நடந்ததைச் சொன்னேன். தும்மல், வட்டம், தென்னை மரம், எல்லாம். அவர் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

திரையைத் தள்ளிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனேன். அம்மா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அதுவரை தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவன் பொய் சொன்னது லைசென்ஸுக்காகத்தான் என்று அவளும் நம்பியிருக்கிறாள் பாவம். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அங்க உண்மைய சொல்லிட்டியா?" என்றேன்.

"அங்க மறைக்க முடியாதுக்கா. டேங்க பாத்தா தெரிஞ்சிடும்."

"அப்பறம் இங்க எதுக்குடா?"

"எல்லாரும் ஹீரோ ஹீரோன்னு சொல்லிக்கினு இருந்தாங்க. சித்தப்பா கேட்டப்ப வாயில வந்துடுச்சி. நீதான் எப்பவும் சிரிச்சிட்டுப் போயிடுவியே."

"ஆபீசர் வர்றாருன்னு தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் அந்த ஆள் முன்னால பொய்காரியா ஒக்காந்துக்கினு இருந்தேன்."

அவன் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே ஒன்றும் புரியாதவன் போலக் கேட்டான்: "நீ எனக்காக அப்படி சொல்லுவேன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்டாள். என் வீட்டுக்காரருக்கு, செத்துப்போன அப்பாவுக்கு, ஏன், எனக்கே தெரியும், அவன் என்ன செய்தாலும் கடைசியில் நான் அப்படித்தான் சொல்வேன் என்று. அவனுக்குத் தெரியவில்லை. நான் வெளியே வந்து வண்டியை எடுத்தேன்.